காய்க்குள் ஒளியும் வண்டு: பூச்சி மேலாண்மைக்கு ஒரு காபிப் பாடம்

வளையமாதேவி வட்டாரப் பிள்ளைகளுக்குக் காபி டம்ளரில் வருவது. செடியில் பழுப்பதை அவர்கள் பார்த்ததில்லை. ஆனால் நெல் தண்டுத்துளைப்பானைத் தெரியும். வெண்கதிரை இழுத்தால் கையோடு வந்துவிடும், புழு உள்ளே தின்றிருக்கும் என்று எட்டாம் வகுப்பு மாணவரே சொல்வார். பூச்சி மேலாண்மைப் பாடத்தை அந்த வெண்கதிரிலிருந்து தொடங்கிக் காபித் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

காபிக் காய்த்துளைப்பான் ஆப்பிரிக்காவில் தோன்றிய சிறு கறுப்பு வண்டு. நீளம் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. இந்தியாவில் முதன்முதலாக 1990இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. பெண் வண்டு காயின் நுனியைத் துளைத்து உள்ளே போய், விதைக்குள் முட்டையிடும். குஞ்சுகள் விதையைத் தின்று அங்கேயே வளரும், அங்கேயே இணை சேரும். ஆண் வண்டுக்குப் பறக்கவே தெரியாது. கருவுற்ற பெண் மட்டும் வெளியேறி அடுத்த காயைத் தேடும்.

இவ்விடத்தில் வகுப்பில் யாராவது கேட்பார்கள்: “ஐயா, மருந்து அடிச்சா போதாதா?” பூச்சிமருந்து என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது, அது நஞ்சு. தெளிக்கும் அப்பாவின் மூச்சிலும் அது சேர்கிறது. காய்க்குள் இருக்கும் வண்டையோ அது எளிதில் எட்டுவதில்லை. பதில் சொல்லிவிடாமல், “அறுவடை முடிந்தபின் அந்த வண்டு எங்கே பிழைத்திருக்கும்?” என்று திருப்பிக் கேளுங்கள். செடியில் விட்டுப்போன காயிலும் தரையில் உதிர்ந்த காயிலும் என்று அவர்களே வந்து சேர்வார்கள். தோட்டக்காரர்கள் செய்வதும் இதையொட்டியே. பறிக்கும்போது செடியடியில் விரிப்புப் போடுகிறார்கள். ஒரு காய் விடாமல் பொறுக்குகிறார்கள். துளைபட்ட காய்களைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்துகிறார்கள். ஈரப்பதம் மிகுந்த காலத்தில் பெவேரியா என்னும் பூஞ்சையைத் தெளித்தால், அது வண்டின் உடலில் முளைத்து அதைக் கொல்லும்.

அராபிகாவைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத்துளைப்பானின் கதை வேறு. அது வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடுகிறது. ஆகவே நிழல் மரங்களே அங்கு முதல் காவல். நிழலை வெட்டிவிட்டு நஞ்சைத் தேடுவது, கதவைத் திறந்துவைத்துக் காவலாளியைத் தேடுவது போலத்தான்.

மாவுப்பூச்சியைக் காட்டக் காபிச் செடி தேவையில்லை; பள்ளி வளாகத்துச் செம்பருத்தி போதும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதை மொய்த்து, இரை தேடி வரும் பொறிவண்டுகளைத் துரத்தும். காபியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு, பிற்பாடு மாவுப்பூச்சிக்கே பெரிதும் பயன்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதன் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி, பார்வைக்கு மாவுப்பூச்சி போலவே இருக்கும். தெரியாதவர்கள் நண்பனையே நசுக்கிவிடுகிறார்கள்.

கைவில்லை கொடுத்து, மாணவர்களை ஒரு வாரம் அதே கிளையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். குச்சியால் மெல்லத் தொட்டால் விறுவிறுவென நகர்வது வண்டின் புழு. அசையச் சோம்புவது மாவுப்பூச்சி.