தேய்ந்ததும் தீர்ந்ததும்: பழைய டிராக்டரைப் புதுப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

ஏரவாடா என்றவுடன் நம்மில் பலருக்கும் அங்குள்ள மத்திய சிறைச்சாலையும் 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தமும் நினைவுக்கு வரும். அச்சிறையில் இருந்த நாட்களில்தான் காந்தியடிகள், பெட்டிக்குள் மடித்து வைக்கத்தக்க சிறு இராட்டையைச் செப்பம் செய்தார். 'ஏரவாடா சக்கரம்' என்று அதற்குப் பெயர். ஒரு கருவியை வைத்திருப்பவர் அதன் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. முளா நதிக்கு அப்பால் உள்ள கட்கியில் 1946ஆம் ஆண்டு கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் தோன்றியது. டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை.

இப்பகுதியில் பணியாற்றும் எங்களிடம் ஒரு விவசாயி வந்தார். வாகோலிப் பக்கம் நான்கு ஏக்கர் நிலம் உடையவர். புதிய டிராக்டருக்குக் கடன் வேண்டும், அதற்கு நிலத்தை அடமானம் வைக்கவும் தயார் என்றார். பழைய வண்டி என்னவாயிற்று என்று கேட்டோம். அவருடைய தந்தையார் வங்கிக் கடனில் வாங்கிய எச்.எம்.டி. 2511 அது. "எஞ்சின் செத்துவிட்டது சாகேப், போன வருஷம்தான் ரிங் மாற்றினேன், மூன்றே மாதத்தில் மறுபடியும் புகை" என்றார்.

கடன் கொடுப்பது எங்கள் தொழில். ஆயினும் தேவையற்ற கடன் வாடிக்கையாளருக்கும் நன்றன்று, வங்கிக்கும் நன்றன்று. "காகா, முதலில் வண்டியை அளந்து பார்ப்போம்; பிறகு கடனைப் பேசுவோம்" என்றோம். எங்கள் வேளாண் அலுவலரும் உடன் வந்தார். அந்த ஆய்வில் நாங்கள் கற்றவற்றை, பழைய டிராக்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

வண்டியின் வரலாறு

எச்.எம்.டி. நிறுவனம் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியுடன் 1971இல் ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கியது. முதலில் வந்தது 25 குதிரைத்திறன் கொண்ட 2511. இரண்டே சிலிண்டர், எளிய அமைப்பு. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு கிராமங்களுக்குப் பரவிய வேளாண் கடன்களில் இத்தகைய வண்டிகள் பல வாங்கப்பட்டன. பிஞ்சோர் டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தயாரித்த ஆலையே இல்லாத வண்டிக்கு, எந்த உறுப்பைச் சீர்செய்யலாம், எதை மாற்றியே தீர வேண்டும் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

முதற்பாடம்: பிரிப்பதற்கு முன் அளத்தல்

சென்ற ஆண்டு ரிங் மாற்றியவர் லைனரை அளக்கவில்லை. தவறு அங்கேயே நேர்ந்துவிட்டது. சிலிண்டர் லைனர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டனின் மேல் ரிங் திரும்பும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகுதி, எண்ணெய் குறைவு. ஆகவே அங்கே தேய்மானம் மிகுதியாகவும் அடிப்பகுதியில் மிகக் குறைவாகவும் இருக்கும். இதைக் கண்ணால் அறிய இயலாது. போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும்.

இவ்வண்டியில் லைனரின் மேற்பகுதி 0.30 மி.மீ. அகன்றிருந்தது. இது சிறிய எண்தானே என்று தோன்றலாம். ஆனால் விட்டம் 0.30 மி.மீ. கூடினால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு, அதாவது ஏறக்குறைய 0.94 மி.மீ. கூடும். புதிய ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே 0.40 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் 1.34 மி.மீ. இருந்தால், எரிவாயு கீழே இறங்கும், எண்ணெய் மேலே ஏறும். மூன்று மாதத்தில் புகை வந்ததில் வியப்பில்லை. செத்தது எஞ்சின் அன்று. அளவெடுக்காமல் போட்ட ரிங்தான் வீணாயிற்று.

இவ்வகை எஞ்சினில் இருப்பது வெட் லைனர், அதாவது வெளிப்புறத்தை நீர் நேரடியாகத் தழுவும் லைனர். இதைக் கடைந்து பெரிதாக்குவதைவிட லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுவதே முறை. மாற்றும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் புரளாமல் அமர வேண்டும். புரண்டால் நீர் எண்ணெய்த் தொட்டியில் இறங்கும். மற்றொன்று, லைனரின் மேல் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிடக் குறிப்பிட்ட சிறு அளவு உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் எத்தனை முறை மாற்றினாலும் ஊதிக்கொண்டே இருக்கும்.

சீர்செய்யத் தக்கவை

கிராங்க் ஷாஃப்ட் விலையுயர்ந்தது. ஆனால் பெரும்பாலும் மீட்கத்தக்கது. பேரிங் அமரும் பகுதி முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், அதைக் கிரைண்டிங் செய்து 0.25 மி.மீ. அல்லது 0.50 மி.மீ. குறைத்து, அந்த அளவுக்கேற்ற பேரிங் பூட்டலாம். தேய்ந்த ஷாஃப்டில் பழைய அளவின் புதிய பேரிங்கைப் போடுவது வீண் செலவு. கிரைண்டிங்கின்போது ஓரத்தில் உள்ள வளைவை அழித்துக் கூர்முனை ஆக்கிவிட்டால், பின்னாளில் அவ்விடத்திலேயே ஷாஃப்ட் முறியக்கூடும். வேலை முடிந்தபின் எண்ணெய்த் துளைகளைக் கம்பியும் டீசலும் கொண்டு நன்கு கழுவ வேண்டும். எஞ்சிய கிரைண்டிங் பொடி புதிய பேரிங்கைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

முன் அச்சின் கிங் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் சக்கரம் ஆடும், ஸ்டியரிங் நிலை தவறும். புதிய புஷ் அழுத்தி, ரீமர் கொண்டு துளையைச் சரிசெய்து, பின்னைத் தேவையானால் மாற்றினால் போதும். ஆயில் சீல் உரசி ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் சீலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. மெல்லிய உலோக உறையை அவ்விடத்தில் ஏற்றலாம், அல்லது வெல்டிங்கால் நிரப்பிக் கடைசலில் அளவுக்குக் கொண்டுவரலாம். வால்வுகளையும் அவற்றின் இருக்கைகளையும் அரைத்துப் பொருத்தலாம். பொருத்தியபின் ஹெட்டைக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. திருகுமரை போன போல்ட் துளைகளுக்கும் கம்பிச் சுருள் மரை இட்டு உயிர் கொடுக்கலாம்.

மாற்றியே தீர வேண்டியவை

பேரிங், ரிங், கேஸ்கெட், ரப்பர் வளையம், ஆயில் சீல் ஆகியவை ஒருமுறைக்கு உரியவை. இவற்றில் சிக்கனம் பார்ப்பது முழு வேலையையும் பாழாக்கும். சொட்டும் இன்ஜெக்டர் நாசிலும் அத்தகையதே. சோதனை மேசையில் டீசல் பனிபோல் சிதற வேண்டும். துளியாக வடிந்தால் அது பிஸ்டனின் தலையைச் சுட்டெரிக்கும்.

கியர் பற்களை வெல்டிங்கால் நிரப்புவது பலரும் செய்யும் தவறு. பல்லின் மேற்பரப்பு கடினமாகவும் உட்புறம் சற்று நெகிழ்வாகவும் இருக்கும்படி வெப்பப் பதம் செய்யப்பட்டது. வெல்டிங் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். உடைந்த துண்டு பெட்டிக்குள் விழுந்து மற்றப் பற்களையும் உடைக்கும். இவ்வண்டியின் இரண்டாம் கியரில் பற்கள் குழிந்திருந்தன. புதிய கியர் கிடைக்கவில்லை. புணே நானா பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் நான்கு நாள் தேடி, நல்ல நிலையில் இருந்த பழைய கியர் ஒன்றை அவர் கண்டெடுத்தார். அதனோடு பிணையும் இணைக் கியரையும் சேர்த்தே வாங்கினார். இணைந்து தேய்ந்தவை இணைந்தே செல்ல வேண்டும் என்பது பட்டறை அறிவு.

கணக்கு என்ன சொல்கிறது?

வணிகவியல் பயின்றவர்களுக்கு இதில் பழகிய உண்மை ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒரு சொத்தின் முக்கிய உறுப்புகளுக்கு வெவ்வேறு ஆயுள் இருந்தால் அவற்றுக்குத் தனித்தனியே தேய்மானம் கணக்கிட வேண்டும் என்கிறது. விவசாயிக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆனால் அந்தச் சிந்தனை பொருந்தும். டிராக்டர் என்பது ஒரு பொருளன்று. வெவ்வேறு ஆயுள் கொண்ட உறுப்புகளின் தொகுதி. லைனரின் ஆயுள் முடிந்ததால் வண்டியின் ஆயுளே முடிந்ததாகாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்திற்காக மட்டுமே. புதுப்பிக்க வட்டி உட்பட 1,50,000 ரூபாய். அதனால் 2,000 மணி நேர உழைப்பு கிடைக்கும் எனக் கொள்வோம். மணிக்கு 75 ரூபாய். புதிய வண்டி 7,00,000 ரூபாய். பத்தாண்டுக்குப் பின் 2,00,000 ரூபாய்க்கு விற்கலாம். மதிப்பிழப்பு 5,00,000. ஐந்து லட்சம் கடனை, ஆண்டுக்கு ஒரு லட்சம் அசலாக 10 சதவீத வட்டியில் அடைத்தால் மொத்த வட்டி 1,50,000. ஆக 6,50,000. ஆண்டுக்கு 400 மணி நேரமே ஓடினால் பத்தாண்டில் 4,000 மணி, மணிக்கு 162.50 ரூபாய்.

அதே புதிய வண்டி ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால்? தேய்மானம் கூடி, விற்பனை மதிப்பு 1,00,000 ஆகக் குறையும் எனக் கொண்டாலும், மொத்தம் 7,50,000. ஓடியது 10,000 மணி. மணிக்கு 75 ரூபாய். செலவு சமமாகிவிடும். பழைய வண்டியோ இரண்டாண்டுக்கொரு முறை பிரிக்கப்பட்டு நிற்கும். விதைப்புக் காலத்தில் நின்றால் அந்த இழப்பு வேறு. ஆகவே வாடகைக்கு ஓட்டி மிகுதியாக உழைப்பவருக்குப் புதியது நலம். சொந்த நிலத்திற்கு மட்டும் பயன்படுத்துபவருக்குப் புதுப்பித்தல் நலம். முடிவைச் சொல்வது வண்டியின் வயதன்று. அது ஓடும் மணி நேரம்.

ஆவணங்களும் தேயும்

எஞ்சின் பணி முடிந்தபின் மற்றொரு தேய்மானம் வெளிப்பட்டது. பதிவுச் சான்று தந்தையின் பெயரிலேயே இருந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எப்போதோ அடைத்து முடித்த கடனின் அடமானக் குறிப்பும் அதில் நீக்கப்படாமல் நின்றது. விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் மறைந்தால் வாரிசின் பெயருக்கு மாற்றப் படிவம் 31. கடன் தீர்ந்தபின் அடமானக் குறிப்பை நீக்கப் படிவம் 35. காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும். இவை சரியாக இல்லாவிடில், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை நிலத்தின்மீதே வந்து விழக்கூடும்.

நிறைவாக

அவ்விவசாயி புதிய டிராக்டர் கடன் வாங்கவில்லை. பழுதுபார்ப்புக்கென ஒரு சிறு கடன் மட்டும் பெற்றார். நிலத்தின் பத்திரம் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. ஆழ உழவுக்கு வாடகை வண்டி அமர்த்துகிறார். இடையுழவுக்கும் டிரெய்லருக்கும் தந்தையின் வண்டியே போதுமாகிறது. முதல் 50 மணி நேரம் பளுவின்றி ஓட்டி, எண்ணெயை மாற்றிய பின்னரே வயலில் இறக்கினார். இப்போது ஓடிய மணிகளையும் மாற்றிய உறுப்புகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்.

அந்த நோட்டுப் புத்தகத்தை நாம் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். கடன் கேட்டு வரும்போது அதையும் உடன் கொண்டு வாருங்கள். உங்களுக்குத் தேவையானது பெரிய கடனா, சிறிய கடனா, கடனே வேண்டாமா என்பதை அதை வைத்து நாம் சேர்ந்து பேசி முடிவு செய்யலாம்.