டிரான்ஸ்ஃபார்மர் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டி.டி.ஏ. 7294 ஆம்ப்ளிஃபயர் போர்டு கைக்கு வந்துவிட்டது, பத்து அங்குல சப்வூஃபரும் வாங்கியாயிற்று, இனி 24-0-24, 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான் பாக்கி என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று நீ சொல்லவே இல்லையே. எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை ஸ்பீக்கரில் தொடங்கித்தான் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

போர்டில் இருக்கும் 7294 ஐ.சி.யின் டேட்டாஷீட்டைப் பார். 70 வாட் எடுக்க, 8 ஓம் ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் 35 வோல்ட். 4 ஓமுக்கு பிளஸ் மைனஸ் 27 வோல்ட்தான். 24 வோல்ட் ஏசியை 1.414-ஆல் பெருக்கி, டையோடுக்கு ஒரு வோல்ட் கழித்தால் சுமார் 33 வரும். 8 ஓமுக்கு அது சரி. உன்னுடையது 4 ஓம் என்றால், அதே 33 வோல்ட்டில் ஐ.சி. கொதித்துப்போய், பாட்டு நடுவிலேயே மியூட் ஆகிவிடும். 4 ஓமுக்கு 20-0-20 கேட்டு வாங்கு; டிசி சரியாக 27-ல் வந்து நிற்கும்.

நம் வீட்டு லைனையும் மறக்காதே. ராத்திரி நேரத்தில் 230 என்பது 250 ஆகும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரே எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும். இரண்டும் சேர்ந்தால் 24-0-24 கூட 38, 39 வோல்ட்டைத் தொடும், ஐ.சி.க்கோ வேலை செய்யும்போது 40-தான் எல்லை. அதனால் 'இன்னும் பவர் வரும்' என்று யாராவது 28-0-28 எடுத்து நீட்டினால் வாங்காதே. ஃபில்டர் கெபாசிட்டரும் 50 வோல்ட்டாக இருக்கட்டும்.

அடுத்தது ஆம்பியர். இங்கேதான் பலர் பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறார்கள். ஆம்பியர் கூடினால் போர்டு எரியாது. வோல்ட் கூடினால்தான் எரியும். 4 ஓமில் 70 வாட் தொடர்ந்து வர, பிளஸ், மைனஸ் என்ற ஒவ்வொரு ரெயிலும் சராசரியாக 1.9 ஆம்ப் டிசி கொடுக்க வேண்டும். கெபாசிட்டர் மின்சாரத்தை விட்டுவிட்டு உறிஞ்சுவதால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் அது சுமார் 3 ஆம்ப் ஏசி ஆகிறது. 20-0-20 இரண்டு பக்கமும் சேர்ந்து 40 வோல்ட், அதற்கு 3 ஆம்ப், ஆக 120 விஏ. நான் 4 ஆம்ப், அதாவது 160 விஏ வாங்கச் சொல்வேன். சாதாரண ஸ்டீரியோவில் உச்சம் வந்த வேகத்தில் போய்விடும், அங்கே கொஞ்சம் சிக்கனம் பார்க்கலாம். சப்வூஃபரில் ஒரு பேஸ் கிட்டார் வரியோ சினிமா வெடிச்சத்தமோ நீண்டு நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் சிறிதானால் அந்த இடத்தில் வோல்ட் சரிந்து, அடி சொதசொதவென்று விழும். கெபாசிட்டரைக் கூட்டி இதைச் சமாளிக்க முடியாது.

கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதே, கையில் தூக்கிப் பார். 240 விஏ என்று சொல்லும் ஈ-ஐ கோர் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு கிலோகூட இல்லையென்றால் அது பொய். அலுமினியக் கம்பி சுற்றியதா என்றும் பார். ஒயரின் எனாமலைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதே பருமனில் அலுமினியத்துக்கு மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அத்தனையும் சூடாகத்தான் போகும். நேரம் இருந்தால், தெரிந்த வைண்டிங் கடையில் செம்பில் சுற்றித் தரச் சொல்வது இன்னும் நல்லது.

டொராய்டா, ஈ-ஐயா என்று கேட்டிருந்தாய். பணம் இருந்தால் டொராய்டு. காரணம் ஹம். நம் லைன் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப்புலம் பக்கத்து ஒயர்களில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக ஏறுகிறது. சின்ன ரேடியோவில் இந்த இரைச்சல் காதிலேயே விழாது. சப்வூஃபரோ 50 ஹெர்ட்ஸை வாசிக்கவே பிறந்தது. டொராய்டு காந்தப்புலத்தை அதிகம் வெளியே விடாது. ஈ-ஐ வைத்தால், லோ பாஸ் ஃபில்டர் போர்டையும் இன்புட் ஒயரையும் பெட்டியின் மறுகோடிக்குக் கொண்டுபோ, டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பித் திருப்பி வைத்து ஹம் குறையும் திசையைக் கண்டுபிடி. வீட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் கரண்ட் போன நேரத்தில் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் முனகும். அதைக் கேட்டு உன் வேலையைச் சந்தேகிக்காதே.

டொராய்டுக்கு ஒரு எச்சரிக்கை. நடுவில் போடும் போல்ட்டின் இரண்டு முனையும் இரும்புப் பெட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி, பயங்கரமான கரண்ட் ஓடி டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஒரு முனையை மட்டும் பெட்டியில் முறுக்கு.

பிரைமரியில் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் இல்லாமல் பிளக்கில் சொருகாதே. முதல் தடவை 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு ஆன் செய். ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்கு. அதற்கும் முன்னால், போர்டோடு சேர்க்காமல் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடு. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் பொருத்து. கை வைக்க முடியாமல் சுட்டால், பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோ.

அன்புடன்,
அண்ணன்