வாடகைக்கு விட வீடு வாங்குறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாலு பாடம்

"தாம்பரம் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கிப் போடுங்க, வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும்." இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. மெப்ஸ், எம்.ஐ.டி., கிறித்தவக் கல்லூரி என்று வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள் இருப்பதால் குடித்தனக்காரர் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. ஆனால் ஆள் கிடைப்பது வேறு, கணக்கு கட்டுப்படியாவது வேறு.

பாடம் 1: முதலில் கணக்கு

ஓர் உதாரணம். பழைய ஃப்ளாட் ஒன்றின் விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% சேர்த்தால் இன்னும் 4.5 லட்சம். ஆக, அடக்கவிலை 54.5 லட்சம்.

வாடகை மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1.8 லட்சம். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 15,000 போகும். சொத்து வரி, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேர்ந்து 25,000 என்று வைத்தால் கையில் நிற்பது 1.4 லட்சம். போட்ட பணத்தில் இது சுமார் 2.6% தான்.

இதற்கு 40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 34,700. வாடகை போக மாதம் 19,700 உங்கள் சம்பளத்திலிருந்துதான் வரணும். அது முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்க. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

பாடம் 2: பேப்பரைப் போனிலேயே பாருங்க

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றையும் வழிகாட்டி மதிப்பையும் பார்க்கலாம். வில்லங்கம் குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்க. பட்டா, நிலம் புறம்போக்கா என்ற விவரங்களை வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஃப்ளாட் என்றால் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்த்துக்கோங்க.

புதிய கட்டடமா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8-க்கு மேற்பட்ட வீடுகள் உள்ள திட்டம், விற்பனைக்கு முன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யும் முன் விலையில் 10%-க்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது.

பதிவாகாத ஆவணமும் கோர்ட் வழக்கும் வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். அதனால் வக்கீல் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் காட்டி கருத்து வாங்கிடுங்க.

பாடம் 3: மழைக்காலத்தில் ஒரு நடை

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெயில் காலத்தில் தெரு அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை போய் நின்று பாருங்க. எதிர்வீட்டு அம்மாவிடமும் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடமும் கேளுங்க: தண்ணீர் எது வரைக்கும் ஏறுச்சு? கோடையில் போரில் தண்ணீர் இருக்கா, லாரிதானா? அதே தெருவில் 'டு-லெட்' போர்டு தொங்கும் வீடுகளுக்குப் போன் போட்டு உண்மையான வாடகையை விசாரிங்க. தரகர் சொல்லும் தொகையை அப்படியே கணக்கில் எழுதாதீங்க.

பாடம் 4: ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க

"11 மாத அக்ரிமென்ட்தானே, பதிவு எதுக்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதத்துக்கு விட்டாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். இதற்கான இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நாளைக்குத் தகராறு வந்தால், உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் அந்தப் பதிவு எண்தான் பிடிமானம்.

10 மாத அட்வான்ஸ் வாங்குவது சென்னையின் பழைய வழக்கம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 3 மாத வாடகைதான் என்கிறது சட்டம். அவர்கள் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம் அது. எனவே செலவழிக்காமல் தனியாக வைத்திருங்க.

வாடகையை வருமான வரிக் கணக்கிலும் காட்டணும். கட்டிய சொத்து வரியைக் கழித்தபின், மீதியில் 30% நிலையான கழிவாகக் கிடைக்கும்.

வீட்டுப்பாடம்

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கோங்க. ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்க: அடக்கவிலை, கையில் நிற்கும் வாடகை, மாதாமாதம் சம்பளத்திலிருந்து போடவேண்டிய தொகை. பிறகு அதே வீட்டின் சர்வே எண்ணை வாங்கி, வில்லங்கத்தையும் பட்டாவையும் போனில் பாருங்க. விற்பவர் சர்வே எண் கொடுக்கத் தயங்கினால், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க நீங்களும் தயங்குங்க.