தாயின் உழைப்பும் குழந்தையின் பாதுகாப்பும்

நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்கள் செல்லாவிடில் நம் ஊர்களில் வேளாண்மை நடைபெறாது. ஆயினும், அவ்வேலைக்குச் செல்லும் தாயின் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை நாம் ஊர்ப் பொதுக் காரியமாகக் கருதுவதில்லை. அது அந்தந்த வீட்டின் பாடு என விட்டுவிடுகிறோம். இதனால் தாய் வேலையை விடுகிறாள். அன்றேல் மூத்த பெண் பள்ளியை விடுகிறாள். முன்னதில் குடும்பத்தின் கூலி குறைகிறது. பின்னதில் ஒரு பெண்ணின் கல்வியே நின்றுபோகிறது. குழந்தை வளர்ப்புக்குக் கிராமத்தில் செலவில்லை என்று கூறுவோர் இவ்விரண்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இச்சுமையைக் குறைக்கும் உதவிகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, ரொக்க உதவி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் 300 ரூபாயாக இருந்த உதவி, 2018-இல் 18,000 ரூபாய் மதிப்புள்ளதாக உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் ரொக்கம். 4,000 ரூபாய் மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பேறுகாலத்தை ஒட்டிய நாள்களில் கூலி இழப்பை ஓரளவு ஈடு செய்வது இதன் பயன். தவணைதோறும் நிபந்தனைகள் உண்டாகையால், கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தல் இன்றியமையாதது. பதிவில் தாமதம் ஏற்பட்டால் பணத்திலும் தாமதம் ஏற்படும்.

இரண்டாவது, பாதுகாக்கும் இடம். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் தோன்றின. அங்கு மூன்று வயதுக்கு மேற்பட்டோர்க்கு முன்பருவக் கல்வி உண்டு. கைக்குழந்தைகளுக்கோ பெரும்பாலும் இணை உணவு வீட்டிற்குக் கொடுக்கப்படுகிறதேயன்றி, நாள் முழுதும் காக்கும் ஏற்பாடு இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப எழுந்தவையே குழந்தைகள் காப்பகங்கள். 2017-இல் நடைமுறைக்கு வந்த தேசியக் காப்பகத் திட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் காக்க வேண்டுமென விதித்தது. அத்திட்டத்தில் வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோரிடம் மாதக் கட்டணம் 20 ரூபாயாகவே இருந்தது. 2022-இல் இது ‘பால்னா’ என்னும் பெயரில் மாற்றியமைக்கப்பெற்று, அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்க வழி பிறந்தது. பால்னா என்றால் தொட்டில் என்பது பொருள்.

மில்லுக்கும் கம்பெனிக்கும் செல்லும் பெண்கள் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை குழந்தையைக் காணச் செல்லலாம் என்றும் 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் வகை செய்தது.

மூன்றாவது, குழந்தையைக் காப்பவருக்குக் கூலி. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதற்கு நல்ல வழிகாட்டிற்று. வேலைத்தளத்திற்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ வந்தால், பெண்களுள் ஒருவரை அவர்களைக் கவனிக்க அமர்த்தி, அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது அச்சட்டம். குழந்தையைக் காப்பதும் வேலையே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

இக்கொள்கையை மகளிர் குழுக்கள் தாமே கைக்கொள்ளலாம். நாட்கூலி 300 ரூபாய் என்றும், கைக்குழந்தையுள்ள தாய்மார் பத்துப்பேர் என்றும் வைத்துக்கொள்வோம். யாவரும் வீட்டிலிருந்தால் வருவாய் ஒன்றுமில்லை. இருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, எண்மர் வேலைக்குச் சென்றால் 2,400 ரூபாய் கிடைக்கும். பதின்மரும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 240 ரூபாய். தையற்பயிற்சிக்கோ கல்லூரிக்கோ செல்லும் இளந்தாய்க்கும் இம்முறை துணை புரியும். அவள் விடுமுறை நாளில் தன் முறையைச் செய்து கொடுக்கலாம்.

ஆகவே, ஊராட்சிகள் செய்ய வேண்டுவன சில. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளரைக் கொண்டு எடுத்தல். அவர்களுள் எத்தனை பேரின் தாயார் வேலைக்கோ படிப்பிற்கோ செல்கின்றனர் எனக் குறித்தல். தம்பி தங்கையைக் காக்கப் பள்ளியினின்றும் நின்ற சிறுமியர் உளரா எனத் தலைமையாசிரியரிடம் கேட்டறிதல். இக்கணக்கைக் கிராம சபையில் வைத்து, காப்பகம் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு அனுப்புக. பெயரும் எண்ணிக்கையும் கொண்ட கோரிக்கையை எவரும் எளிதில் ஒதுக்க இயலாது. சாலைக்கும் குடிநீருக்கும் தீர்மானம் எழுதும் நாம், தொட்டிலுக்கும் ஒன்று எழுதுவோமாக.