ஒரே துளையில் ஐந்து குண்டு

மெட்ராலஜி லேப் வைவாவில் தவறாமல் வரும் கேள்வி: "அக்யூரசிக்கும் பிரிசிஷனுக்கும் என்ன வித்தியாசம்?" பலரும் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். மெக்கானிக்கல் மாணவனான எனக்கு இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் புரியவைத்தது ஒரு விளையாட்டு. அமெரிக்காவில் வளர்ந்த பென்ச்ரெஸ்ட் துப்பாக்கிச் சுடும் போட்டிதான் அது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்றேன்.

போட்டி எப்படி?

அசையாத கனமான மேஜை. முன்னால் ஒரு தாங்கி, பின்னால் மணல் பை. அவற்றின் மேல் ரைபிளை வைத்து, 100 அல்லது 200 யார்டு தூரத்தில் உள்ள காகிதத்தில் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். நேரம் 7 நிமிடம். காற்றின் போக்கைப் பார்க்க, தனியாக உள்ள சோதனைக் குறியில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம்.

குறியின் நடுவில் பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. மிகவும் விலகி நிற்கும் இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் அளப்பார்கள். அதுதான் 'குரூப்'. நம்ம என்.சி.சி. நண்பர்களுக்கு ஃபயரிங்கில் இந்த வார்த்தை பழக்கமானதுதான். ஐந்து குண்டும் ஒரே துளையில் போய்விட்டால் எத்தனை சுட்டார் என்று எப்படித் தெரியும்? காகிதத்துக்குப் பின்னால் மெதுவாக நகரும் இன்னொரு காகிதம் வைத்திருப்பார்கள். அதில் ஐந்து துளைகளும் தனித்தனியாக விழும்!

ஆக, நடுவில் படுவது அக்யூரசி. பட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் படுவது பிரிசிஷன். குரூப் சிறியதாக இருந்தால் டெலஸ்கோப்பின் திருகைத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். குரூப் சிதறினால் எந்தத் திருகாலும் பயனில்லை.

சிதறல் எங்கிருந்து வருகிறது?

1. பிடிமானம்: அமெரிக்கரான ஃபிராங்க்ளின் மான், மனிதக் கையின் பிழையையே நீக்க கான்கிரீட் பீடம் கட்டி அதில் பேரலைப் பொருத்திச் சுட்டார். அதற்கு 'ஷூட்டிங் ஜிப்ரால்டர்' என்று பெயர். 1909-ல் புத்தகமாக வந்த அவருடைய சோதனைகள், குண்டின் வடிவக் குறையும் எடைச் சமநிலைக் குறையும் சிதறலுக்குக் காரணம் என்று காட்டின.

2. அதிர்வு: சுட்டவுடன் பேரல், தட்டிய கம்பி மாதிரி அதிரும். அதை முழுவதும் நிறுத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு குண்டும் அதிர்வின் ஒரே கட்டத்தில் வெளியேறினால் பாதகமில்லை. அதற்குக் குண்டு, மருந்து, தோட்டா உறை எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதனால்தான் இவர்கள் உறையின் கழுத்தைக் கடைந்து, சுவரின் தடிமனை அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீராக்குகிறார்கள். 1975-ல் உருவான புகழ்பெற்ற 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாவைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் லூ பால்மிசானோ என்ற டாக்டர். இன்னொருவர் ஃபெரிஸ் பின்டெல் என்ற டூல் மேக்கர். நம்ம ஜாதி!

3. காற்று: 6 மி.மீ. குண்டு நொடிக்குச் சுமார் 1000 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 100 யார்டை நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். அதற்குள் காற்று என்ன செய்யும் என்று கேட்பீங்க. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, கன்னத்தில் லேசாகத்தான் தெரியும். அதுவே குண்டைச் சுமார் 4 மி.மீ. தள்ளிவிடும். ஜெயிக்கிறவரின் சராசரி குரூப்பே 5 மி.மீ. சுற்றளவில்தான் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் வழியெங்கும் சின்னக் கொடிகளை நட்டு, அவற்றைப் பார்த்தபடியே சுடுகிறார்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரில், 325 யார்டு நீளமுள்ள மூடிய கிடங்குக்குள் சிலர் சுட்டுப் பார்த்தார்கள். அங்கே காற்றுத் தொல்லை கிடையாது. அப்படியும் எல்லா ரைபிளும் ஒரே துளை போடவில்லை. காற்றின் மேல் பழி போட முடியாத இடத்தில்தான் இயந்திரத்தின் குறை வெளிப்பட்டது.

ஒரு ரீடிங் போதாது

1973-ல் மேக் மக்மில்லன் 100 யார்டில் ஐந்து குண்டுகளை 0.009 அங்குல குரூப்பில் சுட்டார். நாற்பது ஆண்டுகள் நின்ற அந்தச் சாதனையை 2013-ல் மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலமாக்கினார். அதாவது 0.2 மி.மீ.!

ஆனால் ஒரே ஒரு அபார குரூப் போட்டியை ஜெயித்துத் தராது. ஐந்து குரூப்களின் சராசரிதான் கணக்கு. உதாரணமாக 0.15, 0.21, 0.18, 0.32, 0.19 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே பெருமையாகச் சொல்ல 0.15 இருக்கிறது, ஆனால் சராசரி 0.21. அந்த ஒரு 0.32 இல்லாவிட்டால் 0.18 தான் வந்திருக்கும். மோசமான ரீடிங்கை அடித்துவிட்டு எழுத அங்கே வழியில்லை.

நமக்கு என்ன பாடம்?

நம்ம நாட்டில் இந்த விளையாட்டு எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பது வேறு விஷயம். ஆனால் இதன் முறை நம்ம லேத் பக்கத்திலேயே இருக்கிறது. நாளை வேலைக்குப் போகும் இடத்தில், நாம் கடைந்த ஒரு ஷாஃப்ட் சைஸுக்கு வந்ததா என்று பார்த்து விட்டுவிட மாட்டார்கள். ஆயிரமும் வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அளவு எல்லாம் ஒரே பக்கம் தள்ளி வந்தால் டூலை நகர்த்திச் சரிசெய்யலாம். தாறுமாறாக வந்தால் பேரிங், பிடிமானம், டூல் தேய்மானம், வெப்பம் என்று தேடித்தான் ஆக வேண்டும்.

அப்படித் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியாது. ஐந்து முறை அளந்து, ஐந்தையும் அப்படியே ரெக்கார்டில் எழுதுங்கள். கெட்ட ரீடிங்கும் ரீடிங்தான். எங்கே தேட வேண்டும் என்று வழிகாட்டுவது பெரும்பாலும் அதுதான்.