பல்கலைக்கழகப் பொது இலத்திரன் நுணுக்குக்காட்டி நிலையம்: ஒரு கருவி, பல ஆய்வுகள்

(பொது அறிவு வினாக்களுக்கும் கட்டுரைப் பயிற்சிக்கும் உரியது. எல்லாப் பிரிவு மாணவர்களும் கற்கலாம்.)

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• உருப்பெருக்கம், பிரிவலு ஆகிய இரண்டையும் வேறுபடுத்துவீர்கள்.
• இலத்திரன் நுணுக்குக்காட்டியின் இரு பிரதான வகைகளை விளக்குவீர்கள்.
• பொது நிலையம் ஒன்று ஏன் தேவை, அது வழங்கும் சேவைகள் எவை எனக் கூறுவீர்கள்.

1. முன்னுரை

அன்பார்ந்த மாணவர்களே, "இது விஞ்ஞான மாணவருக்குரிய விடயம், எமக்கு எதற்கு?" என்று கலைப்பிரிவு மாணவர்கள் இப்பக்கத்தைத் தட்டிவிடக் கூடாது. இதனை எழுதும் நானும் கலைப் பட்டதாரியே. ஒரு கருவியை யார் வாங்குவது, யார் பயன்படுத்துவது, எந்த ஒழுங்கில் பகிர்வது என்பவை சமூகம் பற்றிய வினாக்கள். அவற்றுக்கு விடை எழுத, கருவி எப்படி இயங்குகின்றது என்ற அடிப்படை அறிவும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

2. கருவியின் அடிப்படை

மிக அண்மையில் உள்ள இரு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றல் பிரிவலு எனப்படும். பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது உருப்பெருக்கம். மங்கலான புகைப்படம் ஒன்றை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது பெரிய மங்கலாகவே இருக்கும். எனவே பிரிவலு இல்லாத உருப்பெருக்கத்தால் பயனில்லை.

எமது வெற்றுக்கண் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் இடைவெளியைப் பிரித்தறியும். ஒளி நுணுக்குக்காட்டி ஏறத்தாழ 200 நனோமீற்றர் வரை பிரித்தறியும். இதற்கு மேல் செல்ல முடியாமைக்குக் காரணம் வில்லையின் குறைபாடு அன்று, ஒளியின் அலைநீளமே. கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையாகும். பெரும்பாலான வைரசுகள் 200 நனோமீற்றரிலும் சிறியவை. ஆகவே சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியில் அவற்றின் வடிவத்தைக் காண முடியாது.

இலத்திரனுக்கும் அலை இயல்பு உண்டு என 1924 இல் டி புரோக்லி கூறினார். 100 கிலோவோல்ற்று அழுத்தத்தில் ஆர்முடுக்கப்பட்ட இலத்திரனின் அலைநீளம் ஏறத்தாழ 0.0037 நனோமீற்றர். காந்தச் சுருள் இலத்திரன் கற்றைக்கு வில்லை போலத் தொழிற்படும் என்பதை 1926 இல் ஹான்ஸ் புஷ் காட்டினார். 1931 இல் பேர்லினில் எர்னஸ்ட் ருஸ்காவும் மக்ஸ் நோலும் முதலாவது இலத்திரன் நுணுக்குக்காட்டியை அமைத்தனர். 1933 இல் ருஸ்கா அமைத்த கருவி ஒளி நுணுக்குக்காட்டியின் பிரிவலுவை விஞ்சியது. இதற்கான நோபல் பரிசு அவருக்கு 1986 இலேயே கிடைத்தது.

இரு பிரதான வகைகள்:

(அ) ஊடுகடத்தும் இலத்திரன் நுணுக்குக்காட்டி: கற்றை மாதிரியின் ஊடாகச் சென்று உட்கட்டமைப்பைக் காட்டும். மாதிரி மிக மெல்லியதாக இருத்தல் வேண்டும்.

(ஆ) அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி: கற்றை மாதிரியின் மேற்பரப்பை வரிவரியாகத் தடவிச் செல்லும். அங்கிருந்து வெளிப்படும் இலத்திரன்களைக் கொண்டு மேற்பரப்பின் படம் பெறப்படும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியியல் துறையில் சார்ள்ஸ் ஓட்லியின் குழுவினர் 1948 முதல் இதனை விருத்தி செய்தனர். 1965 இல் இது விற்பனைக்கு வந்தது.

3. பொது நிலையம் ஏன் தேவை?

இக்கருவியின் விலை மிக உயர்ந்தது. விலையைக் கொடுத்து வாங்கினாலும் செலவு அத்துடன் முடிவதில்லை.

• இலத்திரன் வளி மூலக்கூறுகளில் மோதிச் சிதறும். ஆகவே கருவியினுள் எப்போதும் வெற்றிடம் பேணப்படல் வேண்டும்.
• வீதியில் செல்லும் வாகனத்தின் அதிர்வும் அருகிலுள்ள மின்தூக்கியின் காந்தப் புலமும் படத்தைக் கெடுக்கும். எனவே தனியான அறை அமைக்க வேண்டும்.
• ஆண்டுதோறும் பராமரிப்பு ஒப்பந்தம், குளிரூட்டல், தடையற்ற மின்சாரம் தேவை.
• எல்லாவற்றிலும் மேலாகப் பயிற்றப்பட்ட ஆளணி தேவை.

தாவரவியல் துறை ஒன்றும், மருத்துவ பீடம் ஒன்றும், பொறியியல் பீடம் ஒன்றும் எனத் தனித்தனியே வாங்கினால் ஒவ்வொன்றும் பல நாட்கள் சும்மா கிடக்கும். பழுதானால் திருத்தவும் பணமிராது. ஒரே நிலையத்தில் வைத்து எல்லோரும் முறைப்படி பயன்படுத்தினால் கருவியும் உழைக்கும், செலவும் பகிரப்படும். ஊர்க் கிணற்றைப் பல குடும்பங்கள் பங்குபோட்டு இறைப்பது போன்றதே இது. கிணறு பொதுவாயின் முறையும் பொதுவாக இருக்க வேண்டும்.

இரவற் கருவியில் பெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்ததற்கும் சான்று உண்டு. நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவகத்தில் கலங்களை ஆராய்ந்த அல்பேர்ட் குளோட், கீத் போர்ட்டர் ஆகியோருக்கு அப்போது சொந்தமாக இலத்திரன் நுணுக்குக்காட்டி இருக்கவில்லை. இன்டர்கெமிக்கல் என்னும் தனியார் கம்பனியின் கருவியை அவர்கள் பயன்படுத்தினர். முழுக் கலம் ஒன்றின் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் 1945 இல் வெளியானது. அது கோழி முளையக் கலம். கருவியை இயக்கிய ஏர்னஸ்ட் புல்லமின் பெயரும் அக்கட்டுரையில் ஆசிரியர்களுள் ஒன்றாக இடம்பெற்றது. குளோட் 1974 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

4. நிலையம் வழங்கும் சேவைகள்

(1) மாதிரி தயாரித்தல். வேலையின் பெரும்பகுதி இதுவே. உயிரிழையம் ஒன்று முதலில் இரசாயனத்தால் நிலைப்படுத்தப்படும். பின் ஒஸ்மியம் சேர்வையில் இடப்படும். எதனோலால் நீர் அகற்றப்பட்டு, பிசினில் பதிக்கப்பட்டு, வைரக் கத்தியால் ஏறத்தாழ 50 முதல் 100 நனோமீற்றர் தடிப்புள்ள துண்டுகளாக வெட்டப்படும். தலைமயிர் ஒன்றின் தடிப்பு 70 மைக்குரோமீற்றர் எனக் கொண்டால், 70 நனோமீற்றர் வீதம் அதனை 1000 துண்டுகளாக வெட்டுவதற்கு இது சமம். இறுதியில் யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் உப்புக்களால் சாயமேற்றப்படும். அலகிடும் வகைக்காயின், மின்னைக் கடத்தாத மாதிரியின் மேல் பொன் போன்ற உலோகத்தின் மென்படை பூசப்படும்.

(2) படம் எடுத்தல். நிலைய உத்தியோகத்தர் எடுத்துக் கொடுக்கலாம், அல்லது பயிற்சி பெற்ற ஆய்வாளர் தாமே எடுக்கலாம்.

(3) மூலகப் பகுப்பாய்வு. மாதிரியிலிருந்து வெளிப்படும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதில் எந்த மூலகங்கள் உள்ளன என அறியலாம். கனியம், உடைந்த இயந்திரப் பாகம் முதலியவற்றைப் பரிசோதிக்க இது உதவும்.

(4) குளிர்நிலை நுணுக்குக்காட்டல். மாதிரி மிக விரைவாக உறைய வைக்கப்படுவதால் நீர் பளிங்காகாது. புரதத்தின் இயல்பான வடிவம் பேணப்படும். இம்முறையை விருத்தி செய்த டுபோஷே, பிராங்க், ஹென்டர்சன் ஆகிய மூவருக்கும் 2017 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

(5) பயிற்சியும் ஆலோசனையும். பயிற்சி முடித்து அனுமதி பெறாதவர் கருவியைத் தனியே இயக்க இயலாது.

(6) முன்பதிவு. நேரம் முற்கூட்டியே பதிவு செய்யப்பட்டு, பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கில் கட்டணம் அறவிடப்படும். சொந்தப் பல்கலைக்கழகத்தினருக்குக் குறைந்த கட்டணமும், பிற பல்கலைக்கழகங்களுக்கு அதனிலும் கூடியதும், வணிகக் கம்பனிகளுக்கு மிகக் கூடியதும் விதிப்பது பொதுவான வழக்கம்.

5. எடுத்துக்காட்டு: ஒரு வைரசின் இரு படங்கள்

முதலாவது படம். ஜூன் அல்மெய்டா 1930 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தையார் பஸ் சாரதி. பல்கலைக்கழகம் செல்ல வசதி இல்லாமையால் 16 வயதில் பாடசாலையை விட்டு, வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பின் கனடாவில் ரொறன்ரோ நகரின் ஒன்ராறியோ புற்றுநோய் நிறுவகத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தேர்ச்சி பெற்றார். வைரசைச் சுற்றிப் பாரமான உலோக உப்பைப் பரப்பி, கருமையான பின்னணியில் வைரசை வெளிறித் தெரியச் செய்யும் எதிர்ச் சாயமேற்றல் முறையில் அவர் வல்லவரானார்.

1964 இல் அவர் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார. சோல்ஸ்பரிக்கு அண்மையில் தடிமன் நோய் பற்றி ஆராய்ந்த டேவிட் டிரல், இனங்காணப்படாத மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். மாதிரி ஓரிடத்தில், கருவியும் கைத்திறனும் வேறோரிடத்தில்: பொது நிலையத்தின் சேவை என்பதன் சாரம் இதுதான். அவர் எடுத்த படங்களில் வைரசைச் சுற்றி முடி போன்ற விளிம்பு தெரிந்தது. ஆய்வு 1967 இல் வெளியாகியது. 1968 இல் இவ்வகை வைரசுகளுக்கு, இலத்தீன் மொழியில் முடியைக் குறிக்கும் "கொரோனா" என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. பட்டப்படிப்பு இன்றியே ஆய்வுலகில் நுழைந்த அல்மெய்டா, தமது ஆய்வு வெளியீடுகளுக்காகவே பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இரண்டாவது படம். 2020 ஜனவரி 10 இல் புதிய கொரோனா வைரசின் மரபணு வரிசை வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் ஒஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மக்லெலன் குழுவினர் அதன் முட்புரதத்தைத் தயாரித்துக் குளிர்நிலை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். 0.35 நனோமீற்றர் பிரிவலுவுடன் பெறப்பட்ட முப்பரிமாண அமைப்பு, 2020 பெப்ரவரி 19 இல், அதாவது 40 நாட்களில் வெளியாகியது. கட்டுரையின் இறுதியில், அப்பல்கலைக்கழகத்தின் சௌயர் கட்டமைப்பு உயிரியல் ஆய்வுகூடத்தில் கருவியைச் சீர்செய்ய உதவியவருக்கும் நன்றி கூறப்பட்டுள்ளது.

1967 இல் முடியாகத் தெரிந்ததன் ஒவ்வொரு முள்ளும் எவ்வாறு மடிந்துள்ளது என்பதை 2020 இல் காண முடிந்தது. புரதத்தை நிலையாக வைத்திருக்க அக்குழுவினர் பயன்படுத்திய மாற்றம், முன்னைய கொரோனா வைரசு ஆய்வுகளில் கண்டறியப்பட்டதாகும். பைசர், மொடேர்னா தடுப்பூசிகளிலும் அதே மாற்றம் உண்டு. 2021 இல் எமது நாட்டிலும் இவ்விரு தடுப்பூசிகளும் ஏற்றப்பட்டன. ஆகவே எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் அறைக்குள் இருக்கும் கருவி எமக்குத் தூரமானதன்று.

பெருந்தொற்று வந்தபின் கருவி வாங்கி, அறை கட்டி, ஆளைப் பயிற்றியிருந்தால் 40 நாட்கள் போதியிரா. நிலையமும் ஆளணியும் முன்னமே தயாராக இருந்தமையே விரைவுக்கு ஒரு முக்கிய காரணம்.

6. மாணவர் விடும் பிழைகள்

✗ "இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வண்ணப் படம் கிடைக்கும்." படம் கறுப்பு வெள்ளையே. வண்ணம் பின்னர் கணினியில் ஊட்டப்படுவதாகும்.
✗ "உயிருள்ள கலத்தின் அசைவைக் காணலாம்." வழக்கமான தயாரிப்பில் கலம் இறந்துவிடும், வெற்றிடத்திலும் உயிர் வாழாது.
✗ "2020 படத்தால்தான் தடுப்பூசி உருவானது." தடுப்பூசிக்கான வேலை படம் வெளியாகுமுன்னரே ஆரம்பித்துவிட்டது. படம் முட்புரதத்தின் வடிவத்தைத் தெளிவாக்கியது என்றே எழுதுக.
✗ "கருவி இருந்தால் போதும்." மாதிரியைப் பிழையாகத் தயாரித்தால், இல்லாத அமைப்பும் இருப்பது போலத் தோன்றும்.

7. பயிற்சி வினாக்கள்

1. ஒளி நுணுக்குக்காட்டியின் பிரிவலுவைப் பிரதானமாக மட்டுப்படுத்துவது,
(1) வில்லையின் நிறை (2) ஒளியின் அலைநீளம் (3) மாதிரியின் நிறம் (4) அறையின் வெப்பநிலை

2. பூச்சி ஒன்றின் கண் மேற்பரப்பை ஆராய மிகப் பொருத்தமானது,
(1) ஊடுகடத்தும் வகை (2) அலகிடும் வகை (3) கைவில்லை (4) தொலைகாட்டி

3. நுணுக்குக்காட்டியினுள் வெற்றிடம் பேணப்படுவது ஏன்?

4. "விலை உயர்ந்த ஆய்வுக் கருவி ஒன்றைப் பல துறைகள் பகிர்வது நன்று." இக்கூற்றை நான்கு வாக்கியங்களில் ஆராய்க.

விடைகள்

1. (2)
2. (2)
3. இலத்திரன்கள் வளி மூலக்கூறுகளில் மோதிச் சிதறாதிருப்பதற்காக.
4. மாதிரி விடை: கருவியின் விலையும் பராமரிப்புச் செலவும் பகிரப்படுவதால் ஒரு துறை தனித்துச் சுமக்க வேண்டியதில்லை. பயிற்றப்பட்ட ஆளணி ஓரிடத்தில் இருப்பதால் படங்களின் தரம் உயரும். ஆயினும் பலர் ஒரே நேரத்தில் கேட்கும்போது காத்திருப்பும், கட்டணம் செலுத்த இயலாத மாணவர் பின்தள்ளப்படும் நிலையும் ஏற்படலாம். ஆகவே நீதியான முன்பதிவு முறையும் மாணவருக்கான சலுகைக் கட்டணமும் இருந்தாலே பகிர்வு பயன் தரும்.

கவனிக்க: "ஆராய்க" என்று கேட்டால் நன்மையை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. நன்மை, குறை, உமது முடிவு என்ற ஒழுங்கில் எழுதுக.

மாணவர்களே, ஆண்டுகள் மறந்தாலும் பரவாயில்லை, அவற்றை மீட்டிக்கொள்ளலாம். கருவி வாங்கப் பணமில்லாத ஆய்வாளரும், பல்கலைக்கழகம் செல்ல வசதியில்லாத ஒரு பெண்ணும் கருவி பகிரப்பட்ட இடங்களில்தான் தமது திறமையைக் காட்டினர் என்பதை மட்டும் மறவாதீர்கள். பரீட்சையில் இவ்விடயம் வந்தால், அதுவே உங்கள் கட்டுரையின் மையக் கருத்தாக அமையட்டும்.