பொதுவெளித் திரள் நிர்வாண ஒளிப்படங்களின் கலைமதிப்பு: ஸ்பென்சர் டூனிக்கின் படைப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொதுவெளியில் பெருந்திரளான மனிதரை ஆடையின்றி நிறுத்தி எடுக்கப்படும் ஒளிப்படங்களின் கலைமதிப்பை எவ்வாறு அளவிடுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மதிப்பு எண்ணிக்கையிலோ அதிர்ச்சியிலோ இல்லை. இடத்துக்கும் உடலுக்கும் இடையே உருவாகும் பொருளுறவிலேயே உள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், நிறுவல் கலை, ஆடையின்மை, பொதுவெளி, பங்கேற்பு.

முன்னுரை

அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான ஸ்பென்சர் டூனிக் (பி. 1967), 1990களில் நியூயார்க் தெருக்களில் ஆடையற்ற மனிதரைப் படமெடுத்தார், பலமுறை கைது செய்யப்பட்டார். நகர நிர்வாகத்துக்கு எதிரான வழக்கில் 2000ஆம் ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பின்னர் பார்சிலோனாவில் (2003) ஏறத்தாழ 7,000 பேரும், மெக்சிகோ நகரின் சோகலோ சதுக்கத்தில் (2007) ஏறத்தாழ 18,000 பேரும் அவர் படங்களில் பங்கேற்றனர். எனினும், சட்டத்தின் இசைவும் மக்களின் திரட்சியும் மட்டுமே ஒன்றைக் கலையாக்கிவிடா.

கருத்தியல் பின்புலம்

கென்னத் கிளார்க் (1956) ஆடை இழந்த கூச்ச நிலையையும் கலையாக்கம் பெற்ற உடல் வடிவத்தையும் வேறுபடுத்தினார். ஜான் பெர்ஜர் (1972) அப்பாகுபாட்டைத் தலைகீழாக்கினார்: ஆடையின்றி இருப்பது தானாக இருத்தல், கலையில் நிர்வாணமாவது பிறர் பார்வைக்குப் பொருளாதல். தமிழில் ‘அம்மணம்’, ‘நிர்வாணம்’ ஆகியவை இப்பாகுபாட்டுக்கு நேரிணைகள் அல்ல. ‘நிர்வாணம்’ சமய வழக்கில் வீடுபேற்றையும் குறிக்கும். எனவே இங்கு ‘ஆடையின்மை’ நிலையையும், ‘நிர்வாண வடிவம்’ கலைவகையையும் சுட்டுகின்றன.

அவ்விருவரும் முதன்மையாகக் கருதியது தனியுடலையும் அதை நோக்கும் பார்வையாளரையும் ஆகும். திரளிலோ பார்வை எந்த ஓர் உடலிலும் நிலைகொள்வதில்லை. காமக் குறிப்பு தளர்ந்து, தோலின் நிறமும் வடிவத்தின் அடுக்கும் முன்வருகின்றன.

இடமும் உடலும்

இங்கிலாந்தின் ஹல் நகரில் 2016ஆம் ஆண்டு, ஃபெரன்ஸ் கலைக்கூடத்தின் அழைப்பில், சுமார் 3,200 பேர் நான்கு வகை நீலச் சாயம் பூசித் திரண்டனர். அவ்வண்ணங்கள் அக்கலைக்கூடத்தின் கடலோவியங்களிலிருந்து பெறப்பட்டவை. அவர்கள் திரண்ட குவீன்ஸ் கார்டன்ஸ், முன்பு கப்பல்துறையாக இருந்து தூர்க்கப்பட்டுப் பூங்காவான இடம். நீர் அகன்ற நிலத்தில் நீல உடல்கள் நீராகின்றன. நகரின் கடல்சார் நினைவு அந்நகர மக்களின் மேனியாலும் வரையப்படுகிறது.

சுவிட்சர்லாந்தின் அலெட்ச் பனியாற்றில் 2007ஆம் ஆண்டு, கிரீன்பீஸ் அமைப்புடன் இணைந்து எடுத்த படத்தில் ஏறத்தாழ 600 பேர் நின்றனர். உருகிச் சுருங்கும் பனியும் குளிருக்குக் காப்பற்ற தோலும் ஒன்றன் நொய்மையை மற்றொன்று உணர்த்துகின்றன. ஆடை இருப்பின் இப்பொருள் தோன்றாது. ஆகவே இங்கு ஆடையின்மை இன்றியமையாத கலைக்கூறாகிறது.

மறுப்புகள்

உத்தி திரும்பத் திரும்ப வருகிறது என்பது முதல் மறுப்பு. இது பெரிதும் ஏற்கத்தக்கதே. சோகலோ படத்தில் பேராலயமும் அரசு மாளிகையும் சூழ்ந்த சதுக்கத்தில் மக்கள் உடல் குறுக்கிக் கிடப்பது அதிகாரத்தின்முன் மனித எளிமையைக் காட்டக்கூடும். எனினும் எண்ணிக்கையே செய்தியானதால் அக்குறிப்பு மங்குகிறது.

இரண்டாவது மறுப்பு வலியது: தரையில் கிடத்தப்பட்ட திரளுடல்கள் இருபதாம் நூற்றாண்டின் படுகொலைக் காட்சிகளை நினைவூட்டுகின்றன; தனிமனிதர் வடிவக்கூறாகத் தேய்கின்றனர். ஆனால் பங்கேற்போர் தாமே விரும்பி வருபவர். ஊதியமின்றி, படத்தின் படி ஒன்றையே பெறுபவர். இவ்விசைவு இருநிகழ்வுகளையும் அறவழியில் வேறுபடுத்துகிறது. எனினும் இசைவு படச்சட்டத்துக்குள் தெரிவதில்லை. அது அறத்துக்குச் சான்றேயன்றி அழகியலுக்குச் சான்றாகாது.

முடிவுரை

இடத்தை மாற்றினும் பொருள் மாறாத படம் காட்சி விந்தையாக நின்றுவிடுகிறது. இடத்தை நீக்கின் பொருளே இழக்கும் படம் கலையாகிறது. இவ்வளவையின்படி ஹல், அலெட்ச் படைப்புகள் உயர்கின்றன. எண்ணிக்கையால் புகழ்பெற்ற சோகலோ படம் அவற்றின் பின்னரே வைக்கத்தக்கது.